கிரிப்டோவில் பணம் பெறும் வணிகருக்கு உண்மையில் ஆகும் கட்டணம் எவ்வளவு?

எழுத்துருக்கடை எழுதியது:

வணக்கம். நான் எழுத்துருக்களையும் வடிவமைப்பு மாதிரிகளையும் இணையத்தில் விற்று வருகிறேன். ஒரு விற்பனை பெரும்பாலும் 20 டாலர் அளவில்தான் இருக்கும். கார்டு வழியாகப் பணம் வாங்கினால் 2.9 சதவீதமும், அதற்கு மேல் ஒவ்வொரு விற்பனைக்கும் 30 சென்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால், "கட்டணம் ஒரு சதவீதம் மட்டுமே" என்று விளம்பரம் செய்திருந்த ஒரு கிரிப்டோ கேட்வேயில் (வாடிக்கையாளரின் கிரிப்டோவைப் பெற்று வணிகருக்குப் பணமாக அனுப்பும் இடைநிலைச் சேவையில்) பதிவு செய்து, வாடிக்கையாளர்கள் பிட்காயினில் பணம் செலுத்தவும் வழி செய்தேன்.

முதல் இரண்டு மாதங்களில் அந்த வழியில் 41 விற்பனைகள் நடந்தன. மொத்த பில் தொகை 820 டாலர். ஒரு சதவீதம் போனால் 811.80 டாலர் வந்து சேரும் என்று எதிர்பார்த்தேன். வங்கிக் கணக்கில் வரவானதோ 791.68 டாலர்தான். அவர்கள் அனுப்பிய அறிக்கையில் செயலாக்கக் கட்டணம் 8.20 என்று ஒரு வரியும், பணத்தை என் வங்கிக்கு அனுப்புவதற்கான அனுப்புகைக் கட்டணம் 6 டாலர் வீதம் இரண்டு வரிகளும் இருக்கின்றன. மீதி 8.12 டாலர் எங்கே போயிற்று என்பதைச் சொல்லும் வரி எதுவும் இல்லை.

இதோடு இன்னொரு தொல்லையும் நேர்ந்தது. ஒரு வாடிக்கையாளர், கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தையான எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் உள்ள தமது கணக்கிலிருந்து சரியான தொகையைத்தான் அனுப்பினார். அந்த எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணத்தை அதிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பியதால், இன்வாய்ஸ் "குறைவான தொகை" என்று நின்றுவிட்டது. அவர் மீதியை அனுப்புவதற்குள் 15 நிமிடக் கெடு முடிந்துவிட்டது.

இவ்வளவு பிடித்தம் வழக்கமானதுதானா? கேட்வேயை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொண்டால் கட்டணமே இருக்காது என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? டாலர் போன்ற நாணயத்தின் மதிப்போடு பிணைக்கப்பட்ட ஸ்டேபிள்காயினில் வாங்கினால் குறையுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கணக்கேடு எழுதியது:

உங்கள் அறிக்கையில் காணாமல் போன 8.12 டாலரை முதலில் பார்த்துவிடுவோம். 811.80-க்கு ஒரு சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்: 8.12 வரும். கேட்வே உங்களிடம் வந்த பிட்காயினை டாலராக மாற்றும்போது சந்தை விலையைவிட ஒரு சதவீதம் குறைந்த விலையில் மாற்றியிருக்கிறது. இது கட்டணம் என்ற பெயரில் வருவதில்லை; "எங்கள் மாற்று விகிதம்" என்ற சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். நாணயம் மாற்றுபவர் எடுத்துக்கொள்ளும் இந்த வித்தியாசத்தைப் பழைய கணக்கேடுகளில் "வட்டம்" என்று எழுதுவார்கள். பெயர் மறைந்துவிட்டது, பழக்கம் மறையவில்லை. உறுதி செய்துகொள்ள விரும்பினால் ஏதேனும் ஒரு விற்பனையை எடுத்துக்கொண்டு, அது மாற்றப்பட்ட நிமிடத்தில் இரண்டு பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் என்ன விலை இருந்தது என்று பார்த்து, கேட்வே காட்டிய விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு விற்பனையை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஐந்தாறு விற்பனைகளில் வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் அதுதான் அவர்களுடைய வட்டம்.

ஆக மொத்தம் உங்களுக்கு ஆன செலவு 28.32 டாலர், அதாவது சுமார் 3.45 சதவீதம். விளம்பரத்தில் சொன்னதைப் போல மூன்றரை மடங்கு. ஆனாலும் அதே 41 விற்பனைகளையும் கார்டில் வாங்கியிருந்தால் 820-க்கு 2.9 சதவீதமாக 23.78 டாலரும், 41 முறை 30 சென்ட் வீதம் 12.30 டாலரும் சேர்ந்து 36.08 டாலர் போயிருக்கும், அது 4.4 சதவீதம். எனவே கார்டைவிட நீங்கள் நட்டப்பட்டுவிடவில்லை. சொல்லாமல் எடுத்தார்கள் என்பதுதான் உங்கள் குறை, அது நியாயமான குறை.

சிறு தொகைக்கு விற்பவர்கள் சதவீதத்தைக் காட்டிலும் அதன் பக்கத்தில் இருக்கும் நிலைக்கட்டணத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 2011-இல் தொடங்கிய பிட்பே என்ற கேட்வே நிறுவனம் நெடுங்காலம் ஒரு சதவீதம் மட்டும் வாங்கி வந்தது. பின்னர் சிறிய வணிகர்களுக்கு 2 சதவீதமும் ஒவ்வொரு விற்பனைக்கும் 25 சென்டும் என்று மாற்றிக்கொண்டது. இந்த விகிதத்தில் 20 டாலர் விற்பனைக்கு 65 சென்ட், அதாவது 3.25 சதவீதம் ஆகிறது. 5 டாலர் பொருளுக்கு அதுவே 7 சதவீதம். 500 டாலர் பொருள் விற்பவருக்கோ அந்த 25 சென்ட் கண்ணில்கூடப் படாது. கார்டுக்கும் இதே கதைதான் என்பதால், "எது மலிவு" என்ற கேள்விக்கு விற்பனையின் சராசரித் தொகை தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. கார்டுக் கட்டணமும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் வங்கிகளுக்கிடையேயான கட்டணத்துக்கு டெபிட் கார்டில் 0.2 சதவீதமும் கிரெடிட் கார்டில் 0.3 சதவீதமும் உச்சவரம்பாக இருக்கின்றன. வணிகர் செலுத்தும் மொத்தக் கட்டணத்தில் அது ஒரு பகுதிதான் என்றாலும், அங்கே விற்பவருக்குக் கிரிப்டோவால் மிச்சமாவது மிகவும் சொற்பமாக இருக்கலாம்.

எறும்பு எழுதியது:

ஒரே ஒரு விஷயம். இரண்டு மாதங்களில் இரண்டு முறை பணத்தை எடுத்திருக்கிறீர்கள், முறைக்கு 6 டாலர். கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் "குறைந்தபட்ச அனுப்புகைத் தொகை" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை உயர்த்தி வைத்து ஒரே முறை எடுத்திருந்தால் உங்கள் செலவு 22.32 டாலராக, அதாவது 2.72 சதவீதமாகக் குறைந்திருக்கும். அதற்குப் பதிலாக உங்கள் பணம் கூடுதலாக ஒரு மாதம் அவர்கள் கையில் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முனையாளர் எழுதியது:

சொந்த சர்வர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பிடிசிபே சர்வர் என்ற திறமூல மென்பொருளை நீண்ட நாளாக இயக்கி வருகிறேன். 2017-இல் தொடங்கப்பட்ட அந்த மென்பொருளுக்குச் சதவீதக் கட்டணம் என்பதே கிடையாது; பணம் நேராக உங்கள் வாலட்டுக்கு, அதாவது உங்கள் சொந்த டிஜிட்டல் பணப்பைக்கு வரும், இடையில் யாரும் இல்லை. ஆனால் "கட்டணமே இல்லை" என்று சொல்பவர்கள், பணம் உள்ளே வரும் நாளை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். செலவு வெளியே எடுக்கும் நாளில் வந்து நிற்கும்.

பிட்காயின் நெட்வொர்க் கட்டணத்துக்கும் அனுப்பும் தொகைக்கும் தொடர்பே இல்லை. ஒரு பரிவர்த்தனை, பதிவேட்டின் ஒரு பக்கம் போன்ற பிளாக்கில் எத்தனை பைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதற்கும், அன்றைக்கு அந்த இடத்துக்கு எவ்வளவு போட்டி இருக்கிறது என்பதற்கும் ஏற்பவே அது அமையும். ஒரு பைட்டுக்கு இத்தனை சடோஷி என்பதுதான் கணக்கு, பத்துக் கோடி சடோஷி சேர்ந்தது ஒரு பிட்காயின். உங்கள் வாலட்டை ஓர் உண்டியல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 41 பேர் செலுத்திய பணம் அங்கே ஒரே தொகையாக உருகிக் கலந்துவிடுவதில்லை. 41 தனித்தனிக் காசுகளாகவே கிடக்கிறது. அவற்றை எடுத்து ஓரிடத்துக்கு அனுப்பும்போது ஒவ்வொரு காசும் பரிவர்த்தனையில் தனி உள்ளீடாக எழுதப்பட வேண்டும், இடத்தைச் சிக்கனமாக்கும் செக்விட் வகை முகவரியாக இருந்தால் ஓர் உள்ளீட்டுக்குச் சுமார் 68 பைட் ஆகும். வாடிக்கையாளர் உங்களுக்கு அனுப்பும்போது நெட்வொர்க் கட்டணத்தை அவர்தான் கட்டினார். இப்போது அனுப்புபவர் நீங்கள்.

ஒருவர் செலுத்திய தொகை 20,000 சடோஷி என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் அமைதியாக இருந்து பைட்டுக்கு 5 சடோஷி போதும் என்றால், அந்தக் காசை எடுக்க 340 சடோஷி ஆகும், அது 1.7 சதவீதம். நெரிசலான நாளில் பைட்டுக்கு 100 சடோஷி என்றால் 6,800 சடோஷி, அதாவது 34 சதவீதம். 300 சடோஷியைத் தொட்டுவிட்டால் எடுக்கும் கூலி 20,400. காசின் மதிப்பே 20,000. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். 2024 ஏப்ரல் 20 அன்று, பிளாக்கை உருவாக்குபவருக்குக் கிடைக்கும் சுரங்க வெகுமதி பாதியாகக் குறைந்த அதே பிளாக்கில், பிட்காயின் நெட்வொர்க்கின் மேல் வேறு டோக்கன்களை (டிஜிட்டல் வில்லைகளை) உருவாக்க உதவும் ரூன்ஸ் என்ற புதிய முறையும் தொடங்கியதால், ஒரு பரிவர்த்தனையின் சராசரிக் கட்டணம் அந்த ஒரு நாளில் 100 டாலரையும் தாண்டியது. சில நாட்களில் அது இறங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கென்று பார்த்துச் சம்பளம் கொடுக்கப் பணம் எடுக்க வேண்டியிருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நான் செய்வது இது: கட்டணம் தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் வார இறுதியில், சேர்ந்திருக்கும் சில்லறைக் காசுகளையெல்லாம் ஒரே பரிவர்த்தனையில் என்னுடைய ஒரு முகவரிக்கே அனுப்பிப் பெரிய காசாக ஆக்கிவிடுவேன். அதன் பிறகு எப்போது நெரிசல் வந்தாலும் ஓர் உள்ளீட்டுக்குத்தான் கூலி. அதில் பல முகவரிகளும் உங்களுடையவை என்று பார்ப்பவர் எவருக்கும் தெரிந்துவிடும் என்ற குறை உண்டு.

20 டாலர் விற்பனைக்கு உண்மையில் பொருந்துவது, பிட்காயினின் மேல் இயங்கும் சிறு தொகைகளுக்கான வலையமைப்பான லைட்னிங்தான். அதில் வழிக்கட்டணத்தைச் செலுத்துபவர் ஏற்கிறார். அதுவும் வழியில் பணத்தைக் கடத்திவிடும் ஒவ்வொரு நோடும் (வலையமைப்பில் உள்ள கணினியும்) நிர்ணயிக்கும் சிறு தொகைதான். எல்என்டி என்ற லைட்னிங் மென்பொருளில் தொடக்க அமைப்பே ஒரு சடோஷியும், அதோடு பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதமும்தான். வணிகருக்குச் செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால், உங்கள் நோடுக்கும் இன்னொரு நோடுக்கும் இடையிலான பணப்பாதையான சேனலின் மறுபக்கத்தில் வேறொருவர் தம் பணத்தை முடக்கி வைத்திருக்க வேண்டும். புதிதாகச் சேனல் திறந்த வணிகரின் பணம் முழுவதும் அவர் பக்கமே இருப்பதால், அவரால் செலுத்த முடியும், ஒரு சடோஷிகூடப் பெற முடியாது. நான் முதன்முதலில் லைட்னிங் வைத்தபோது இதை அறியாமல், வாடிக்கையாளரின் வாலட்டில் "வழி கிடைக்கவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்ததற்கு என் சர்வரையே மூன்று முறை திரும்பத் தொடக்கிப் பார்த்தேன். உள்வரவுக்கான இடத்தை இன்னொரு நோடிடம் கட்டணம் கொடுத்து வாங்க வேண்டும். சேனலைத் திறக்கவும் மூடவும் ஆகும் சாதாரண நெட்வொர்க் கட்டணம் தனி. இவற்றோடு சர்வர் வாடகை, காப்புப் பிரதி, எதுவும் பழுதானால் இரவில் எழுந்து பார்க்கும் உங்கள் நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 820 டாலர் விற்பவருக்குச் சொந்த சர்வர் மிச்சம் பிடித்துக் கொடுக்காது. எனக்குப் பிடித்த மென்பொருள் என்பதால் கட்டாயம் வையுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

உங்கள் "குறைவான தொகை" தொல்லை புதிதன்று. ஸ்டீம் விளையாட்டுக் கடை 2016 ஏப்ரலில் பிட்காயினை ஏற்கத் தொடங்கியபோது ஒரு பரிவர்த்தனைக் கட்டணம் ஏறத்தாழ 20 சென்ட் இருந்தது. 2017 டிசம்பரில் 20 டாலரை நெருங்கியதும் அவர்கள் கைவிட்டார்கள். கட்டணத்தோடு விலையின் ஏற்றத்தாழ்வையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்: கெடு தாண்டியதும் விலை மாறியிருந்தால் வாடிக்கையாளர் மீதியை அனுப்ப வேண்டும் அல்லது கடை பணத்தைத் திருப்ப வேண்டும், இரண்டில் எதுவானாலும் நெட்வொர்க் கட்டணம் இன்னொரு முறை. சொந்த சர்வரில் இதற்கு ஒரு வசதி உண்டு: இரண்டு சதவீதம் வரை குறைந்தாலும் முழுத் தொகையாகக் கொள்க என்று அமைத்துவிடலாம். சில கேட்வேக்களிலும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

நிலைநாணயம் எழுதியது:

ஸ்டேபிள்காயின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். விலை ஏற்றத்தாழ்வு இல்லாததால் 15 நிமிடக் கெடுவின் கவலை பெரிதும் நீங்கும், மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கும் வட்டமும் குறையும். 2018 ஏப்ரலில் பிட்காயினை நிறுத்திவிட்ட கட்டணச் சேவை நிறுவனமான ஸ்ட்ரைப், 2024-இல் ஸ்டேபிள்காயினோடு திரும்பி வந்து 1.5 சதவீதம் என்று கட்டணம் வைத்ததற்கும் இந்த வசதி ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் எந்தச் செயினில் (எந்த பிளாக்செயின் வலையமைப்பில்) வாங்குகிறீர்கள் என்பதில்தான் கட்டணமே அடங்கியிருக்கிறது. எத்தீரியத்தின் முதன்மைச் செயினில் அதன் சொந்த நாணயமான ஈத்தரை அனுப்ப 21,000 கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு) போதும். ஸ்டேபிள்காயின் போன்ற டோக்கனை அனுப்ப அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும், ஏனெனில் அது வெறும் அனுப்புதல் அன்று, ஒரு ஒப்பந்த நிரல் இயங்குகிறது. நெரிசலான நாளில் 20 டாலர் பொருளுக்கு இது கட்டுப்படியாகாது. 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் நடந்த டென்கூன் மேம்பாட்டுக்குப் பிறகு, அதன் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குச் செயின்களில் கட்டணம் பல நேரங்களில் ஒரு சென்டுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சிறு விற்பனைக்கு அவையே ஏற்றவை.

ட்ரான் என்ற இன்னொரு செயினில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. யூஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினை ஏற்கெனவே வைத்திருக்கும் முகவரிக்கு அனுப்புவதைவிட, அதுவரை அந்த டோக்கனே இல்லாத முகவரிக்கு அனுப்ப ஏறக்குறைய இரு மடங்கு செலவாகும். பல கேட்வேக்கள் ஒவ்வொரு இன்வாய்சுக்கும் புதிய முகவரியை உருவாக்குகின்றன. எனவே உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் அந்த இரு மடங்கைத்தான் கட்டுகிறார், ஏன் இவ்வளவு என்று உங்களிடம் கேட்கிறார். அதன் பிறகு அந்த முகவரிகளிலிருந்து பணத்தைத் திரட்ட வேண்டும். டோக்கன் இருக்கிறது, ஆனால் அதை நகர்த்த அந்தச் செயினின் சொந்த நாணயம் வேண்டும். அது அந்த முகவரியில் இல்லை. ஆகவே முதலில் ட்ரானின் அந்த நாணயமான டிஆர்எக்ஸ் கொஞ்சம் அனுப்பிவிட்டுத்தான் டோக்கனை வெளியே எடுக்க முடியும். முனையாளர் சொன்ன சில்லறைக் காசுத் தொல்லை இங்கே வேறு வேடத்தில் வருகிறது. கேட்வேக்கள் இதுபோன்ற திரட்டும் செலவையும் சேர்த்து "அனுப்புகைக் கட்டணம்" என்று எழுதக்கூடும். உங்களிடம் வாங்கிய 6 டாலரில் எவ்வளவு உண்மையான செலவு, எவ்வளவு அவர்கள் லாபம் என்று எழுதிக் கேளுங்கள்.

எழுத்துருக்கடை எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கணக்கேடு அவர்கள் சொன்னபடி ஆறு விற்பனைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 0.9 முதல் 1.1 சதவீதம் வரை குறைவாகவே மாற்றியிருக்கிறார்கள். பணம் எடுப்பதை இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை என்று மாற்றிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் இந்தக் கட்டணங்களெல்லாம் திரும்பக் கிடைக்குமா?

கணக்கேடு எழுதியது:

கிடைக்காது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். பணம் வந்தபோது நடந்தது ஒரு பரிவர்த்தனை. திருப்புவது முற்றிலும் புதிய இன்னொரு பரிவர்த்தனை. அதற்கான நெட்வொர்க் கட்டணம் உங்களுடையது, முதலில் பிடித்த செயலாக்கக் கட்டணத்தையும் பெரும்பாலானவர்கள் திருப்பித் தருவதில்லை. டாலராக மாற்றிவிட்டிருந்தால் மறுபடி நாணயமாக மாற்ற வேண்டும், அங்கே வட்டம் இரண்டாம் முறை. எனவே 20 டாலர் மதிப்பைத் திருப்புவீர்களா, அன்று வந்த அதே அளவு நாணயத்தைத் திருப்புவீர்களா என்பதை விற்பனை விதிமுறையில் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். நாணயத்தின் விலை ஏறியிருந்தால் அவர் ஒன்றைக் கேட்பார், இறங்கியிருந்தால் மற்றதைக் கேட்பார்.

பணம் வந்த முகவரிக்கே திருப்பி அனுப்ப வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால் அந்த முகவரி பல நேரங்களில் எக்ஸ்சேஞ்சின் பொது முகவரியாக இருக்கும். போன பணம் வாடிக்கையாளர் கணக்கில் ஏறாது. அவரிடமே ஒரு முகவரியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. கார்டில் வாடிக்கையாளர் வங்கியிடம் முறையிட்டால் சார்ஜ்பேக் என்று பணத்தையும் இழந்து, அதற்கான தண்டக் கட்டணத்தையும் கட்டுவோம். கோப்பை இறக்கிக்கொண்டுவிட்டு "நான் வாங்கவில்லை" என்று சொல்லும் ஆட்கள் டிஜிட்டல் பொருள் விற்பவர்களுக்குப் புதியவர்கள் அல்லர். கிரிப்டோவில் அந்த வழி கிடையாது. சென்ற ஆண்டில் உங்களுக்கு எத்தனை சார்ஜ்பேக் வந்தது என்று எண்ணி, அந்தத் தொகையையும் கார்டுச் செலவோடு சேர்த்து ஒப்பிட்டால்தான் 3.45 என்ற எண் அதிகமா குறைவா என்பது உங்களுக்கே தெரியும்.

எழுத்துருக்கடை எழுதியது:

எண்ணிப் பார்த்தேன். சென்ற ஆண்டில் நான்கு சார்ஜ்பேக். ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் தண்டம், பொருளின் விலை தனி. கேட்வேயை இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் அடுக்குச் செயினில் ஸ்டேபிள்காயினையும் சேர்த்துவிட்டு, அந்த 6 டாலருக்கு விளக்கம் கேட்டு இன்று மடல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.